பெயர் இரண்டு, வேலை ஒன்று: மருந்துகளை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?



ஐந்தாம் படிவ வேதியியலில் மருந்துகள் பற்றிய பாடம் தொடங்கும் முன், கம்போங் மேடானில் என் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். "வீட்டில் உள்ள காலியான மருந்துப் பெட்டிகளையும் கிளினிக்கில் கொடுத்த பிளாஸ்டிக் உறைகளையும் கொண்டு வாருங்கள். மருந்து வேண்டாம், பெயர் இருந்தால் போதும்" என்றேன். மறுநாள் ஆய்வுக்கூட மேசை ஒரு குட்டி மருந்தகம் போல நிறைந்துவிட்டது.

"சரி, இவற்றைக் குழு குழுவாகப் பிரியுங்கள்" என்றேன். எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை. முதல் குழுவினர் தயாரித்த நிறுவனத்தைப் பார்த்துப் பிரித்தார்கள். இரண்டாவது குழுவினர் மாத்திரை, கேப்சூல், சிரப், களிம்பு என்று பிரித்தார்கள். மூன்றாவது குழுவினர் காய்ச்சல், இருமல், இனிப்பு நீர், மூட்டு வலி என்று நோயின் பெயரால் அடுக்கினார்கள்.

அந்த மூட்டு வலி அடுக்கில் இரண்டு உறைகள் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றில் டைக்ளோஃபெனாக் என்று எழுதியிருந்தது. மற்றொன்றில் மெஃபெனாமிக் அமிலம் என்று இருந்தது. கொண்டுவந்த மாணவியைக் கேட்டேன்.

"ரெண்டும் பாட்டியோடது டீச்சர். ஒண்ணு வீட்டுப் பக்கத்துக் கிளினிக்ல கொடுத்தது. இன்னொண்ணு கிள்ளான்ல அத்தை வீட்டுக்குப் போனப்போ அங்க வாங்கினது. ஒண்ணு கேக்கலைன்னா இன்னொண்ணு கேக்கும்னு பாட்டி ரெண்டையும் சாப்பிடுறாங்க."

"பாட்டிக்கு வயிறு எரியுதா?"

அவள் கண்கள் விரிந்தன. "ஆமா டீச்சர்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் மருத்துவர் அல்ல. பாட்டியைப் பார்த்ததும் இல்லை. அந்த இரண்டு மருந்துகளும் உடலுக்குள் செய்யும் வேலை ஒன்றுதான் என்பது மட்டும் எனக்குத் தெரியும். நிறுவனம், வடிவம், நோய் என்ற மூன்று வழிகளில் எதுவும் இந்த உண்மையைக் காட்டவில்லை. நான்காவது வழி ஒன்று இருக்கிறது. உடலில் எப்படிச் செயல்படுகிறது என்பதை வைத்துப் பிரிப்பது. அதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

பூட்டும் சாவியும்

மருந்தை விழுங்கியதும் அது வலிக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு நேராகப் போவதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சுற்றுகிறது. தனக்குப் பொருந்தும் மூலக்கூறு எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டிக்கொள்கிறது. அந்த மூலக்கூறு பெரும்பாலும் ஒரு புரதம். அதைப் பூட்டு என்றும் மருந்தைச் சாவி என்றும் வைத்துக்கொண்டால் விளங்கிக்கொள்வது எளிது.

பூட்டுகளில் முக்கியமானவை மூன்று. முதலாவது நொதி. இது உடலில் வேதிவினைகளை விரைவுபடுத்துவது என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். இரண்டாவது ஏற்பி. செல்லின் மேற்பரப்பில் இருந்து ஹார்மோன் போன்ற செய்திகளைப் பெற்றுக்கொள்வது. மூன்றாவது அயனி வாயில். கால்சியம், சோடியம் போன்ற அயனிகளை செல்லுக்குள் விடுவது. இவை தவிர, நம் உடலைத் தொடாமல் உள்ளே புகுந்த கிருமியைத் தாக்கும் மருந்துகளும் உண்டு.

சாவி பூட்டைத் திறக்கலாம். அல்லது துளையில் சிக்கிக்கொண்டு, உண்மையான சாவி உள்ளே வராமல் தடுக்கலாம். எந்தப் பூட்டு, அதைத் திறக்கிறதா அடைக்கிறதா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் மருந்தின் வகை தெரிந்துவிடும்.

நொதியை அடைக்கும் மருந்துகள்

முதலில் பாட்டியின் மாத்திரைகளைப் பார்ப்போம். உடலில் ஓரிடத்தில் காயமோ வீக்கமோ ஏற்பட்டால், அங்கே புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள்கள் உருவாகின்றன. வலியை அதிகமாக உணரவைப்பவை இவைதான். இவற்றைத் தயாரிக்கும் நொதியின் பெயர் சைக்ளோஆக்சிஜனேஸ். டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாமே இந்த ஒரே நொதியைத்தான் அடைக்கின்றன. புரோஸ்டகிளாண்டின் குறைகிறது, வலியும் வீக்கமும் குறைகின்றன.

ஆஸ்பிரின் 1899 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆனால் அது இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971-இல்தான் இங்கிலாந்தின் ஜான் வேன் கண்டுபிடித்தார். அதற்காக 1982-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எழுபது ஆண்டுகளுக்கு மேல் உலகம் ஒரு மருந்தை, அதன் வேலை தெரியாமலேயே சாப்பிட்டு வந்திருக்கிறது!

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புரோஸ்டகிளாண்டினுக்கு வலி மட்டும் வேலையல்ல. இரைப்பையின் உட்சுவரை அமிலத்திடமிருந்து காக்கும் வழவழப்பான படலம் உருவாக அது உதவுகிறது. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடாமலும் பார்த்துக்கொள்கிறது. நொதியை அடைத்தால் இந்த நல்ல வேலைகளும் குறைகின்றன. இவ்வகை மருந்து ஒன்றைச் சாப்பிடும்போதே சிலருக்கு வயிறு எரியும். இரண்டைச் சேர்த்துச் சாப்பிட்டால் வலி இரண்டு மடங்காகக் குறைவதில்லை. வயிற்றுப் புண்ணும் இரத்தக் கசிவும் சிறுநீரகப் பாதிப்பும் வரும் ஆபத்துதான் கூடுகிறது. முதியவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பாட்டியைப் பார்க்காமலேயே வயிற்றைப் பற்றி நான் கேட்டதன் இரகசியம் இவ்வளவுதான்.

ஏற்பிகளும் சிங்கப்பூரில் பாடம் நடத்திய ஒரு விஞ்ஞானியும்

அடுத்தது ஏற்பி. இதன் கதையில் நம் வட்டாரத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் என்ற இளம் மருத்துவர் 1947 முதல் 1950 வரை சிங்கப்பூரில் மருத்துவ மாணவர்களுக்கு விரிவுரையாளராக இருந்தார். அங்கிருந்த மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் 1949-இல் இணைந்துதான் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது.

ஊர் திரும்பிய பிளாக், நெஞ்சுவலி நோயாளிகளைப் பற்றி ஆராய்ந்தார். அடைப்புள்ள குழாய்கள் வழியாக இதயத்துக்குப் போதிய ஆக்சிஜன் போகவில்லை. அதிக ஆக்சிஜனை அனுப்புவது எப்படி என்றே மற்றவர்கள் யோசித்தார்கள். இதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று பிளாக் யோசித்தார். அட்ரினலின் இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகளில் ஒட்டி அதை வேகமாகத் துடிக்க வைக்கிறது. அந்தப் பூட்டை அடைத்துவிட்டால் துடிப்பு நிதானமாகும், தேவையும் குறையும். இப்படித்தான் 1960-களில் புரோபிரனலால் என்ற மருந்து வந்தது. பீட்டா தடுப்பான் என்பது இந்த வகையின் பெயர்.

அதே உத்தியை அவர் வயிற்றிலும் கையாண்டார். ஹிஸ்டமின் என்ற பொருளுக்கு நம் உடலில் வெவ்வேறு வகை ஏற்பிகள் உள்ளன. மூக்கிலும் தோலிலும் உள்ளவை தும்மலையும் அரிப்பையும் உண்டாக்குகின்றன. இரைப்பையில் உள்ளவை அமிலத்தைச் சுரக்கச் செய்கின்றன. இரைப்பை ஏற்பியை மட்டும் அடைக்கும் சிமெட்டிடினை பிளாக்கின் குழு உருவாக்கியது. 1988-இல் அவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சளி பிடித்தால் கிளினிக்கில் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரை நினைவிருக்கிறதா? அது பெரும்பாலும் குளோர்ஃபெனிரமின். அது மூக்கிலும் தோலிலும் உள்ள ஹிஸ்டமின் ஏற்பியை அடைக்கும். மூளைக்குள்ளும் புகுந்து அங்குள்ள ஏற்பிகளையும் அடைப்பதால் தூக்கம் வருகிறது. லோராடடின் அதே வகைதான், ஆனால் மூளைக்குள் அதிகம் போகாததால் தூக்கம் குறைவு. தேர்வு நாளன்று இந்த வேறுபாடு உங்களுக்கும் முக்கியம்!

இப்போது ஆஸ்துமாவுக்கு வருவோம். புகைமூட்டக் காலத்தில் நம் வகுப்பறைகளில் நீல நிற இன்ஹேலரைப் பார்க்கலாம். அதில் இருப்பது சல்புட்டமோல். அது மூச்சுக்குழாயில் உள்ள பீட்டா ஏற்பியைத் திறக்கிறது, குழாய் விரிகிறது. புரோபிரனலால் அதே குடும்பப் பூட்டை அடைக்கிறது. ஆகவே ஆஸ்துமா உள்ளவர் புரோபிரனலால் சாப்பிட்டால் மூச்சுத்திணறல் வரலாம், இன்ஹேலரும் சரியாகக் கேட்காமல் போகலாம். ஒருவர் இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரை இன்னொருவருக்கு ஏன் ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

வாயிலை மூடுவதும் கிருமியைத் தாக்குவதும்

இரத்தக் கொதிப்புக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் கால்சியம் வாயிலை அடைக்கும் மருந்து. இரத்தக் குழாயின் தசை சுருங்கக் கால்சியம் தேவை. வாயில் மூடினால் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது, அழுத்தம் குறைகிறது.

அமோக்சிசிலின் நம் செல்களைத் தொடுவதில்லை. பாக்டீரியா தன்னைச் சுற்றிக் கட்டும் செல் சுவரை அது கட்டவிடாமல் தடுக்கிறது. நம் செல்களுக்குச் சுவர் கிடையாது, அதனால் நமக்குப் பாதிப்பில்லை. வைரஸுக்கும் செல் சுவர் கிடையாது! சாதாரணச் சளிக்கு வைரஸே காரணம் என்னும்போது, அமோக்சிசிலின் அங்கே எதைத் தாக்கும்? "சளிக்கு ஆன்டிபயோட்டிக் கொடுங்கள்" என்று மருத்துவரிடம் அடம் பிடிப்பது ஏன் தவறு என்பது இப்போது புரிந்திருக்கும்.

இரண்டு மருந்து எப்போது சரி?

"அப்படியானால் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து சாப்பிடுவதே தவறா டீச்சர்? என் அப்பா இனிப்பு நீருக்கு ரெண்டு சாப்பிடுறாரே" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி.

அவன் கொண்டுவந்த உறைகளில் மெட்ஃபோர்மின், கிளிக்லசைட் என்ற பெயர்கள் இருந்தன. மெட்ஃபோர்மின் முக்கியமாகக் கல்லீரல் இரத்தத்தில் விடும் சர்க்கரையைக் குறைக்கிறது. கிளிக்லசைட் கணையத்தைத் தூண்டி அதிக இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. நோய் ஒன்று, வேலை இரண்டு. இரண்டு பக்கமிருந்து தாக்கினால் சர்க்கரை நன்றாகக் கட்டுப்படும் என்பதால்தான் மருத்துவர் இரண்டையும் எழுதுகிறார்.

பாட்டியின் உறைகளில் பெயர் இரண்டு, வேலை ஒன்று. அப்பாவின் உறைகளில் நோய் ஒன்று, வேலை இரண்டு. பாட்டியின் இரண்டு மருந்துகள் ஆபத்து, அப்பாவின் இரண்டு மருந்துகள் சிகிச்சை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும்.

டிங்கிக் காலத்தில் வகை தெரிய வேண்டும்

நாட்டில் டிங்கி நோயாளிகள் அதிகம் உள்ள மாநிலம் நம் சிலாங்கூர். டிங்கியில் இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைகின்றன. அந்த நேரத்தில் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ ஆஸ்பிரினோ சாப்பிட்டால், மீதமுள்ள தட்டணுக்களும் சரியாக வேலை செய்யாது. வயிற்றின் பாதுகாப்புப் படலமும் பலவீனமாகும். இரத்தக் கசிவு வர இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் டிங்கி என்ற சந்தேகம் இருந்தாலே காய்ச்சலுக்குப் பாரசிட்டமோல் மட்டும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பாரசிட்டமோலும் வலியைக் குறைக்கும், ஆனால் அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதன் செயல்முறையை விஞ்ஞானிகள் இன்றும் ஆராய்ந்து வருகிறார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் அதன் வேலை அதிகம், வயிற்றையும் தட்டணுக்களையும் பெரிதாகத் தொந்தரவு செய்யாது.

அதற்கும் எல்லை உண்டு. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக்கூடாது. கூடினால் கல்லீரல் பழுதடையும். பனாடோல் என்றாலும் பாரசிட்டமோல்தான். கடையில் விற்கும் சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதுதான் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர், தெரியாமலேயே எல்லையைத் தாண்டலாம்.

உலகத்துக்கே ஒரு பட்டியல்

நாங்கள் வகுப்பில் செய்ததை உலக அளவிலும் செய்திருக்கிறார்கள். நார்வேயின் ஓஸ்லோவில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையம் ஏடிசி என்ற முறையைப் பராமரிக்கிறது. இதில் மருந்துகள் முதலில் எந்த உறுப்பில் அல்லது மண்டலத்தில் வேலை செய்கின்றன என்பதை வைத்து 14 பெரும் பிரிவுகளாகின்றன. பிறகு பயன், செயல்முறை, வேதியியல் அமைப்பு என்று ஐந்து படிகளில் இறங்கி ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு குறியீடு கிடைக்கிறது. நம் சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலிலும் இக்குறியீடுகளைக் காணலாம்.

இதில் ஆஸ்பிரினுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடம் உண்டு. வலிநிவாரணியாக அது நரம்பு மண்டலப் பிரிவில் இருக்கிறது. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் சிறிய அளவில் கொடுக்கும்போது, தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதால் இரத்தப் பிரிவில் இருக்கிறது. அடைக்கும் நொதி ஒன்றுதான், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதில் இடம் மாறுகிறது. எனவே "தாத்தாவுக்கு வலியே இல்லையே, எதற்கு ஆஸ்பிரின்?" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பாடநூலில் நீங்கள் படிக்கும் வலிநிவாரணி, நுண்ணுயிர் எதிர்ப்பி, மனநோய் மருந்து, ஒவ்வாமை எதிர்ப்பி, கார்ட்டிகோஸ்டீராய்டு என்ற பிரிவுகள் இந்தப் பெரிய மரத்தின் சில கிளைகள்தான்.

பெயரின் வாலைப் பாருங்கள்

ஒரு குடும்பத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்றும் உண்டு. வணிகப் பெயரை விட்டுவிட்டு, பெட்டியில் சிறிய எழுத்தில் உள்ள பொதுப்பெயரைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் பொதுப்பெயர்களுக்கு விதி வைத்திருக்கிறது. ஒரே வேலை செய்யும் மருந்துகளுக்குப் பெரும்பாலும் ஒரே வால்.

'ஓலால்' என்று முடிந்தால் பீட்டா தடுப்பான்: அட்டெனலால், பைசோபிரலால்.
'டிபின்' என்று முடிந்தால் கால்சியம் வாயில் தடுப்பான்: அம்லோடிபின், நிஃபெடிபின்.
'பிரில்' என்று முடிந்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டும் ஒரு நொதியைத் தடுப்பவை: பெரிண்டோபிரில், எனலாபிரில்.
'ஸ்டாட்டின்' என்று முடிந்தால் பெரும்பாலும் கொழுப்பு உற்பத்தியைக் குறைப்பவை: சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின்.
'பிரசோல்' என்று முடிந்தால் வயிற்று அமிலத்தைக் குறைப்பவை: ஒமெபிரசோல், பேண்டோபிரசோல்.
'சிலின்' என்று முடிந்தால் பென்சிலின் குடும்பம். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வால் இது.

எல்லா மருந்துக்கும் வால் உதவாது. டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் என்ற பெயர்களில் ஒற்றுமை தெரியவில்லை, பாருங்கள். சந்தேகம் வந்தால் மருந்தாளரைக் கேட்பதே வழி.

பெட்டியில் உள்ள எண் சொல்வதும் சொல்லாததும்

மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி, எட்டு இலக்கங்களும் பிறகு எழுத்தும் கொண்ட பதிவு எண் இருக்கும். அந்த எழுத்து 'ஏ' என்றால் நச்சுப்பொருள் சட்டத்தின்கீழ் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. 'எக்ஸ்' என்றால் அந்தக் கட்டுப்பாட்டில் வராதது. 'டி' என்றால் பாரம்பரிய மருந்து, 'என்' என்றால் துணையுணவு. இந்தப் பதிவுகளைக் கவனிக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் நம் பெட்டாலிங் ஜெயாவிலேயே இருக்கிறது.

இந்த எழுத்து சட்டப்படியான வகையைத்தான் சொல்லும், செயல்படும் வகையைச் சொல்லாது. ஐயத்துக்குரிய பொருள்கள் சந்தைக்கு வரும் இடைவெளியும் இதுதான். மூட்டு வலிக்கு "முழுக்க முழுக்க மூலிகை" என்று விற்ற சில பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு வீக்கத்தை மிக வேகமாக அடக்கும். "ஒரே நாளில் கேட்டது" என்று ஊரெல்லாம் பேச்சாகிவிடும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருப்பதால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். அந்த நிலையில் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. எனவே இத்தகைய மருந்தை வீட்டில் யாராவது சாப்பிட்டு வந்தால், குப்பையில் போடாமல் பொட்டலத்தோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் சாப்பிடும் மருந்தின் பொதுப்பெயர். இரண்டாவதில் அளவு. மூன்றாவதில் அது உடலில் என்ன செய்கிறது. மூன்றாவது பத்தி நிரம்பவில்லை என்றால் அதுவே நீங்கள் மருந்தாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் அந்தத் தாளை எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்களாக எந்த மருந்தையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். கண்டுபிடிப்பது உங்கள் வேலை, முடிவெடுப்பது மருத்துவரின் வேலை.

அந்த மாணவி அன்று மாலையே இரண்டு உறைகளையும் எடுத்துக்கொண்டு, பாட்டியை அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போகும்படி அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். மருத்துவர் இரண்டு மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, பாரசிட்டமோலும் தடவுவதற்குக் களிம்பும் வயிற்றுக்கு ஒமெபிரசோலும் கொடுத்திருக்கிறார். அடுத்த வாரம் அவள் புதிய உறைகளை வகுப்புக்குக் கொண்டு வந்தாள்.

"டீச்சர், இந்தத் தடவை மூணும் வேற வேற அடுக்கு. நானே பார்த்துட்டேன்" என்றாள்.